சொல் நீங்கிய பாட்டை வாசிப்போருக்கு ஒரு திறந்த மடல்

பிச்சாட்டூரிலும் அதனைச் சூழ்ந்த நாகலாபுரம், நாராயணவனம், புத்தூர், சத்தியவேடு ஆகிய ஊர்களிலும் பியானோவும் கீபோர்டும் பயிலும் மாணவர்களுக்கும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,



மேனாட்டுச் செவ்விசையின் 19ஆம் நூற்றாண்டுப் பகுதியை ரொமான்டிக் காலம் என்று இசை வரலாறு குறிப்பிடுகிறது. தனிமனிதரின் காதல், ஏக்கம், அச்சம், இறப்பு ஆகியவற்றை இசையின் நடுப்பொருளாக்கிய அக்காலத்தில், பாடகருக்காகவோ வயலினுக்காகவோ ஆர்க்கெஸ்ட்ரா எனப்படும் பெரும் வாத்தியக் குழுவுக்காகவோ இயற்றப்பட்ட படைப்பைத் தனியொருவர் பியானோவில் வாசிக்கும்படி மாற்றி எழுதும் வழக்கம் பெரிதும் பரவியது. ட்ரான்ஸ்கிரிப்ஷன் என்று மேனாட்டார் வழங்கும் அவ்வடிவத்தை இம்மடல் பெயர்ப்பு என்றே சொல்லிச் செல்லும். ஒரு பாட்டு இவ்வாறு பெயர்க்கப்படும்போது மெட்டு எஞ்சி நிற்கிறது, சொல் முழுவதும் நீங்கிவிடுகிறது. நீங்கிய சொல்லில் இருந்த உணர்ச்சியை வாசிப்பவர் எங்கிருந்து பெறவேண்டும் என்பதே உங்கள் முன் வைக்கப்படும் கேள்வி. உடலை அசைப்பதும், வேகத்தைக் கூட்டுவதும், பெடலை அழுத்தியபடியே ஒலியைக் குழப்பிப் பெருக்குவதும் உணர்ச்சி என்று கொள்ளப்படும் நிலை எங்கும் காணப்படுகிறது. மூலப் பாட்டின் சொல்லையும் பாடுபவரின் மூச்சையும் கற்றறிந்த பிறகே ஒரு பெயர்ப்பைக் கையில் எடுக்கவேண்டும் என்பதும், பிச்சாட்டூர் வட்டார மாணவர்களுக்கு அந்தக் கல்வி அயலானதன்று என்பதும் இம்மடலின் துணிபு.

இக்கேள்வியை எழுப்பத்தக்க நிகழ்வு ஒன்று தமிழகத்தோடு தொடர்புடையதாகவே உண்டு. 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி நடத்திய ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ என்னும் போட்டியில், சென்னையைச் சேர்ந்த 13 வயது லிடியன் நாதஸ்வரம், ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘வண்டின் பறப்பு’ என்னும் துண்டின் பியானோ வடிவத்தை முதலில் நிமிடத்திற்கு 208 தட்டுகள் என்ற வேகத்திலும், அடுத்து 325 தட்டுகள் என்ற வேகத்திலும் வாசித்து அரங்கை வியப்பில் ஆழ்த்தினார். போட்டியின் முடிவில் 10 லட்சம் டாலர் பரிசையும் வென்றார். ஏ.ஆர். ரகுமான் சென்னையில் நிறுவிய கே.எம். இசைக் கல்லூரியில் பயின்ற அவருடைய விரல்வன்மை எந்நாட்டாரும் போற்றத்தக்கது. ஆயினும் அந்நிகழ்ச்சியைக் கண்டு கீபோர்டு வகுப்பில் சேரும் சிறுவருக்கும் அவரைச் சேர்த்துவிடும் பெற்றோருக்கும் அந்த இரண்டு எண்கள் நினைவில் தங்கிவிடுவதும், அத்துண்டு எதைப் பற்றியது என்பது தங்காமற்போவதும் எளிதில் நடப்பவை.

அத்துண்டு, 1900ஆம் ஆண்டு மாஸ்கோவில் அரங்கேறிய ‘ஜார் சல்தானின் கதை’ என்னும் ஆப்பெராவில், அதாவது பாத்திரங்கள் பாடியே நடிக்கும் இசை நாடகத்தில் வருகிறது. கவிஞர் புஷ்கினின் கதைப்பாட்டைத் தழுவிய அந்நாடகத்தில், பொய்ச் செய்தி ஒன்றால் அரசியும் கைக்குழந்தையும் பீப்பாய்க்குள் அடைக்கப்பட்டுக் கடலில் எறியப்படுகின்றனர். உயிர் தப்பி ஒரு தீவில் வளர்ந்த மகன் குவிடோன், தன்னை அறியாத தந்தையைக் காண ஏங்குகிறான். அன்னப் பறவையாய் இருக்கும் இளவரசி அவனை வண்டாக மாற்றிக் கடல் தாண்டி அனுப்பிவைக்கிறாள். நாடகத்தில் இப்பகுதியின் தொடக்கத்தில் அன்னத்தின் குரலும் ஒலிக்கிறது. ரக்மானினோவ், சிஃப்ரா போன்ற பியானோ மேதைகள் இதைத் தனிப் பியானோவுக்குப் பெயர்த்தபோது கடலும் தந்தையும் அன்னத்தின் குரலும் தாளில் இல்லாமற்போய், அடுத்தடுத்த அரைச்சுரங்களின் ஓட்டம் மட்டும் எஞ்சியது. கதையை அறிந்தவர் கையில் அந்த ஓட்டம் அருகில் வந்து அகலும், மேலெழுந்து தயங்கும், இறுதியில் தொலைவில் கரையும். அறியாதவர் கையில் அது விரற்பயிற்சியாக நின்றுவிடும். வேகமாக வாசிப்பது தவறென்று சொல்வது இம்மடலின் நோக்கமன்று. பறந்து செல்லும் மகனின் தவிப்பைக் காட்டும் அளவுக்கு வேகம் வேண்டும் என்பதும், அதற்கு மேற்பட்ட வேகம் அவனைக் கேட்பவர் காதிலிருந்து மறைத்துவிடும் என்பதுமே சொல்லவேண்டியவை.

பாடல்களின் பெயர்ப்பில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. அங்கே மூலத்தின் உணர்ச்சி முழுவதையும் தாங்கி நின்றது ஒரு கவிதை. ஹங்கேரியில் பிறந்த பிரான்ஸ் லிஸ்ட் (1811–1886) பியானோ வாசிப்பின் வன்மையையே மாற்றியமைத்தவர். அவர் வியன்னாவின் பிரான்ஸ் சூபர்ட் (1797–1828) இயற்றிய பாடல்களில் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றைப் பியானோவுக்குப் பெயர்த்தார். 1838இல் டான்யூப் ஆற்று வெள்ளத்தால் பெஸ்ட் நகரம் அழிவுற்றபோது அம்மக்களுக்கு நிதி திரட்ட வியன்னாவில் அவர் நடத்திய கச்சேரிகளில் இப்பெயர்ப்புகளும் இடம்பெற்றன. பிச்சாட்டூர் மாணவர் கருதிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு: பாடகர் எவரும் பாடப்போவதில்லை என்று தெரிந்தும், தம் சூபர்ட் பெயர்ப்புகளின் அச்சுப்படிகளில் கவிதையின் சொற்களைச் சுரங்களோடு சேர்த்து அச்சிடவேண்டும் என்று லிஸ்ட் விரும்பினார், அவ்வாறு அச்சிடப்பட்ட பதிப்புகளும் வெளிவந்தன. வாசிப்பவரின் கண் சொல்லைப் பற்றிக்கொண்டே செல்லவேண்டும், விரல் அந்தச் சொல்லை உச்சரிக்கவேண்டும் என்ற எண்ணத்தை அது காட்டுகிறது. இன்று இணையத்திலிருந்து இறக்கப்படும் தாள்களில் பலவும் அச்சொற்களை விடுத்து வெறும் சுரங்களாகவே கிடைக்கின்றன. லிஸ்ட் பூட்டாமல் விட்டுச்சென்ற கதவு பின்வந்தோரால் அடைக்கப்பட்டது என்றே கொள்ளவேண்டும்.

சூபர்ட் தம் 17ஆம் வயதில், 1814இல், ஜெர்மன் கவிஞர் கெதேயின் ‘ஃபாவுஸ்ட்’ நாடகத்திலிருந்து எடுத்து இயற்றிய ‘ராட்டை முன் கிரெட்சென்’ என்னும் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். காதலனைப் பிரிந்த பெண் ராட்டையில் நூற்றபடி தன் அமைதி போய்விட்டதென்று புலம்புகிறாள். பாட்டின் பியானோப் பகுதியில் வலக்கையின் இடைவிடாத சுழற்சி ராட்டைச் சக்கரமாகவும், இடக்கையின் ஒற்றைத் தட்டுகள் அதை மிதிக்கும் காலாகவும் அமைகின்றன. அவனுடைய நடையையும் புன்னகையையும் கைப்பிடியையும் ஒவ்வொன்றாக நினைத்துவந்து, அவன் தந்த முத்தத்தை நினைக்கும் இடத்தில் சக்கரம் நின்றுவிடுகிறது. பிறகு அது உடனே சுழன்றுவிடுவதில்லை. ஒருமுறை தொடங்கித் தயங்கி, மறுமுறை தொடங்கித் தயங்கி, அதன் பின்பே பழைய ஓட்டத்திற்குத் திரும்புகிறது. நகரி, புத்தூர், நாராயணவனம் வட்டாரங்களில் தறிச் சத்தத்தினூடே வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஓடும் தறி திடீரென்று நின்றால் வீட்டார் தலைநிமிர்ந்து பார்ப்பதைப் போலவே அந்த அமைதியும் கேட்போரை நிமிர்த்துகிறது. லிஸ்டின் பெயர்ப்பில் இவை யாவும் உள்ளன. எனினும் சொல்லறியாது வாசிப்பவர் அந்நிறுத்தத்தைத் தாளில் குறித்திருப்பதால் நிறுத்துகிறார். மீண்டும் தொடங்கும் தயக்கங்களை விரல் தடுமாற்றமென்று பிறர் நினைத்துவிடுவாரோ என்ற அச்சத்தில் சீராக்கிவிடுகிறார். சொல்லறிந்தவருக்கு அத்தயக்கமே அப்பெண். அவ்விடத்தில் சீராக வாசிப்பது பாட்டைக் கைவிடுவதாகும்.

மறுவருடம் சூபர்ட் இயற்றிய ‘எர்ல்கோனிக்’ வேறொரு பாடத்தைத் தருகிறது. இரவில் மகனை அணைத்தபடி குதிரையில் விரையும் தந்தை, அச்சத்தில் அலறும் மகன், அவனை ஆசைகாட்டி அழைக்கும் மாயப் பேயரசன், கதை சொல்பவர் என்று நால்வர் குரலும் ஒரே பாடகரிடமிருந்து வருகின்றன. பெயர்ப்பிலோ அவை ஒரே பியானோவிலிருந்து வரவேண்டும். மகனின் அலறல் திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் முன்னதினும் உயர்ந்த சுரத்தில் எழுகிறது. பேயரசனின் குரலைக் கொடூரமாக வாசிப்பவர் பலர். ஆனால் அவன் வஞ்சகன், இறுதி மிரட்டல் வரும்வரை இனிமையாகவே பேசுபவன், ஆகவே அவ்வரிகள் தாலாட்டுப் போல் மென்மையாக ஒலித்தால்தான் கேட்பவருக்கு நடுக்கம் பிறக்கும். காட்சி இருண்டது என்பதால் ஒலியும் முழுவதும் இருண்டிருக்கவேண்டும் என்ற எளிய கணக்கு இங்கே பிழையாகிவிடுகிறது.

மிகுதியாக வாசிக்கப்படுவதும், மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் ‘காணிக்கை’ என்னும் பாட்டின் பெயர்ப்பே எனலாம். ஷூமன் (1810–1856) தம் ஆசிரியர் ஃபிரீட்ரிக் வீக்கின் மகளும் புகழ்பெற்ற பியானோக் கலைஞருமான கிளாராவை மணக்க விரும்பியபோது தந்தை கடுமையாக எதிர்த்தார். வழக்கு நீதிமன்றம் வரை சென்று, 1840 ஆகஸ்டில் இசைவு கிடைத்து, அவ்வாண்டு செப்டம்பர் 12 அன்று திருமணம் நடந்தது. மணப்பரிசாக அவர் கிளாராவுக்கு அளித்த பாடல் தொகுதியின் முதற்பாட்டே இது. கவிதை ஃபிரீட்ரிக் ரூக்கர்ட்டுடையது. லிஸ்ட் 1848இல் இதைப் பியானோவுக்குப் பெயர்த்தார். கவிதையின் தொடக்கத்தில் பேசுபவன் தன் துணையை உயிரென்றும் இன்பமென்றும் துன்பமென்றும் தான் வாழும் உலகென்றும் தான் மிதக்கும் வானென்றும் அழைத்துவந்து, தன் கவலைகளை என்றென்றைக்குமாக இறக்கிவைத்த கல்லறை என்றும் அழைக்கிறான். அச்சொல்லை நோக்கி மெட்டும் கீழிறங்குகிறது. மகிழ்ச்சிப் பெருக்கின் நடுவே கல்லறை என்ற சொல் விழுவது, பல ஆண்டுத் தடைகளைத் தாண்டி வந்த ஒருவனின் மகிழ்ச்சி இது என்று காட்டுகிறது. நடுப்பகுதியில் சுருதி மையமே மாறி, திரும்பத் திரும்ப ஒலிக்கும் மென்மையான சுரக்கூட்டுகளின் மேல் அமைதியைப் பற்றிய வரிகள் வருகின்றன. பின்பு லிஸ்ட் முதற்பகுதியின் மெட்டை மீட்டு, விரித்து, அலங்கரித்து, பேரொலியாக வளர்த்து முடிக்கிறார்.

கர்நாடக இசையறிந்தவர் இவ்விரிவைச் சங்கதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே வரியைப் பலமுறை பாடும்போது ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக மெருகேற்றி விரிப்பது சங்கதி. அதன் பயன் அவ்வரியின் பொருளை மேலும் மேலும் திறந்துகாட்டுவது. லிஸ்டின் அலங்காரமும் அவ்வாறு கேட்கப்படவேண்டும்: முதலில் மெல்லச் சொன்னதை இப்போது அடக்கமாட்டாமல் சொல்கிறான் என்று தோன்றவேண்டும். பெருங்கச்சேரிகளின் பதிவுகளிற் சிலவற்றிலும் இப்பகுதி வாசிப்பவரின் வன்மைக்கான காட்சியாகத் திரும்பி, காதலன் மேடையிலிருந்து இறங்கிவிடுவதைக் கேட்கமுடிகிறது. அலங்காரச் சுரங்களைப் பாதி ஒலியில் வைத்து, அவற்றினடியில் ஓடும் மெட்டின் சுரங்களுக்கு மட்டும் கையின் எடையைத் தருபவரே இவ்விடத்தைக் காப்பாற்றுகிறார்.

இதைச் செய்யும் வழி பியானோவின் அமைப்பிலிருந்து பிறக்கிறது. கட்டையை அழுத்தியதும் கம்பளி போர்த்திய சுத்தியல் ஒன்று கம்பியை அடித்துவிட்டு விலகிவிடுகிறது; அதன் பிறகு அவ்வொலி தேயுமே தவிர வளராது. பாடகர் ஒரு சுரத்தைப் பிடித்து வளர்க்கலாம், வயலினில் வில்லால் வளர்க்கலாம், பியானோவில் இயலாது. கமகம் எனப்படும் சுர அசைவும் அதற்கில்லை. நிலைத்த சுரங்களையுடைய ஆர்மோனியத்தை இதே குறையின் பொருட்டு அகில இந்திய வானொலி 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலக்கி வைத்திருந்ததை இங்கே நினைவுகூரலாம். பியானோக் கலைஞர் ஒலி வளராத குறையை மூன்று வழிகளால் ஈடுசெய்கிறார். ஒரே அசையில் தொடரும் சுரங்களில் இரண்டாவதை, முதல் சுரம் தேய்ந்து நிற்கும் அளவிலேயே எழுப்பினால், இரண்டும் ஒரே மூச்சில் வந்ததாகக் காது ஏற்கிறது. நீண்ட சுரம் வளர்வதுபோல் தோன்ற, அதனடியில் ஓடும் துணைச் சுரங்களைச் சிறிது வளர்க்கவேண்டும். வரி முடியும் இடத்தில் பாடகர் மூச்செடுக்கும் அளவுக்குக் கையைத் தூக்கவேண்டும். அவ்விடத்தில் பெடலும் விலகவேண்டும். உணர்ச்சியுள்ள வாசிப்பு என்று கேட்பவர் பாராட்டுவதில் பெரும்பகுதி இந்தச் சிறு வேலைகளின் விளைவே.

காலத்தை வளைப்பதைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். மெட்டு சற்று முந்தியும் பிந்தியும் நடப்பதை ருபாட்டோ என்பர். பியானோ இசையமைப்பாளர் ஷோப்பேன் இடக்கையைச் சீரான நடையில் வைத்து, வலக்கை மட்டும் உரிமையோடு பாடவிட வேண்டும் என்று கற்பித்ததாக அவருடைய மாணவர்கள் பதிவுசெய்துள்ளனர். தாளம் கையில் அசையாமல் நிற்க, பாடுபவர் சொல்லின் தேவைக்கேற்பத் தாளத்தட்டுக்கு முன்னும் பின்னும் எடுப்பை வைப்பதை அறிந்த ஊரில் இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. காலப்பிரமாணம் கெட்டுப்போன வாசிப்பை உணர்ச்சி என்று கர்நாடக மேடையில் எவரும் ஏற்பதில்லை, பியானோவிலும் ஏற்கவேண்டியதில்லை.

பிச்சாட்டூர் மாணவருக்கு இக்கல்வி அயலானதன்று என்று முன்பு கூறியதற்கு அடிப்படை இதுவே. தென்னிந்தியக் கருவியிசை பெரும்பாலும் வாய்ப்பாட்டின் பெயர்ப்பாகவே வாழ்ந்துவருகிறது. வயலினோ புல்லாங்குழலோ நாகசுரமோ வாசிப்பவர் ஒரு கீர்த்தனையை எடுக்கும்போது அதன் சாகித்யத்தை, அதாவது பாடற்சொல்லை, மனத்துள் பாடியபடியே வாசிக்கவேண்டும் என்பது இங்குள்ள மரபு. லால்குடி ஜெயராமனின் வயலினில் சொற்களே கேட்கின்றன என்று இரசிகர்கள் சொன்னதற்குக் காரணம், அசை பிரியும் இடமறிந்து அவர் வில்லை மாற்றியதே. பியானோவிலும் இவ்வழியில் நடந்தவர் உண்டு: சென்னையின் அனில் ஸ்ரீநிவாசன், பாடகர் சிக்கில் குருசரணுடன் இணைந்து கர்நாடக உருப்படிகளை வழங்கும்போது, கமகத்தைக் குரலுக்கு விட்டுக்கொடுத்து, பியானோவால் இயன்ற சுரக்கூட்டுகளையும் இடைவெளிகளையும் கொண்டு பாட்டைத் தாங்குகிறார்.

இன்னும் அருகில், திருமலையில், இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு உண்டு. தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408–1503) கீர்த்தனைகள் செப்பேடுகளில் சொல்லும் இராகப் பெயருமாக மட்டுமே எஞ்சின; அவற்றிற் பெரும்பாலானவற்றின் மெட்டு மறைந்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டில் ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி முதலிய இசைவாணர்கள் அச்சொற்களின் பொருளுக்குள் புகுந்து புதிய மெட்டுகளை அமைத்தனர்; இன்று திருப்பதிச் சாலையில் செல்லும் பேருந்துகளிலும் கோயில்களிலும் ஒலிப்பவற்றுள் அவையும் உண்டு. சொல்லிருந்தும் மெட்டில்லாத இடத்தில் அவர்கள் செய்த பணியை, மெட்டிருந்தும் சொல்லில்லாத இடத்தில் பெயர்ப்பை வாசிப்பவர் செய்யவேண்டியிருக்கிறது. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் பிச்சாட்டூரில், இரு மொழிப் பாட்டுகளின் பொருளையும் உணர்ந்து வளரும் பிள்ளைகளுக்கு இப்பணியில் பெருநகரப் பிள்ளைகளைவிடத் தகுதி குறைவென்று எவரும் சொல்லமுடியாது.

சொல்லறிந்த வாசிப்பு அனைவரையும் ஒரேமாதிரி வாசிக்கவைக்கும் என்று அஞ்சவேண்டாம். சொல்லே இல்லாத படைப்பிலும் இதற்குச் சான்று உண்டு: இசையமைப்பாளர் பாக்கின் தனி வயலினுக்கான ‘ஷகோன்’ என்னும் படைப்பைப் பிராம்ஸ் 1870களின் பிற்பகுதியில் இடக்கைக்கு மட்டுமாகப் பெயர்த்தார். தனி வயலினில் வாசிப்பவர் படும் நெருக்கடியை ஒரே கையால் உணரமுடிவதாகக் கிளாராவுக்கு எழுதினார். அதே படைப்பை 1893இல் புசோனி இரு கைகளுக்கும் விரித்து, தேவாலய ஆர்கனின் பேரொலிக்கு இணையாக்கினார். ஒருவர் தனிமையைக் கேட்டார், மற்றவர் மாண்பைக் கேட்டார். இருவரும் மூலத்தைக் கூர்ந்து கேட்டவர்களே, ஆகவே இரண்டும் நிற்கின்றன.

கருவியின் குறையைக் காரணமாகக் காட்டவும் வேண்டாம். முழுப் பியானோவுக்கு 88 கட்டைகள். வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 61 கட்டை கீபோர்டு, அதிலும் விலை குறைந்தவற்றில் எவ்வளவு அழுத்தினாலும் ஒலி ஒரே அளவில்தான் வரும். அத்தகைய கருவியில் லிஸ்டின் முழு வடிவத்தை வாசிக்க முயல்வதைவிட, பாட்டின் மெட்டையும் கீழ்ச்சுரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மூச்சிடங்களையும் சொல்லின் அழுத்தத்தையும் காலத்தாலேயே காட்டப் பழகுவது நல்ல பயிற்சி. ஒலியளவு கைக்கு அடங்காதபோது காலத்தின் மீது கவனம் கூர்மையாகிறது. பின்னாளில் நல்ல பியானோ கிடைக்கும்போது அக்கவனம் உடன் வரும்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். டிரினிட்டி போன்ற மேனாட்டு இசைத் தேர்வுகளுக்காகவோ பள்ளி விழாவுக்காகவோ ஒரு பாட்டின் பெயர்ப்பை மாணவருக்குத் தரும்போது, தாளைத் தருவதற்கு முன் அப்பாட்டை ஒரு நல்ல பாடகர் பாடிய பதிவைக் கேட்கச் செய்யுங்கள். கவிதையின் பொருளைத் தமிழிலோ தெலுங்கிலோ சொல்லி எழுதச் செய்யுங்கள். அதன்பின் மெட்டை வாய்விட்டுப் பாடச் செய்யுங்கள், குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாணவர்களே, எந்த இடத்தில் உங்களுக்கு மூச்சு தீர்கிறதோ அந்த இடத்தைப் பென்சிலால் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கருவியின் முன் அமருங்கள்.